உங்களுக்குத் தெரியுமா? ஸ்நேக் பிளான்ட்

ஸ்நேக் பிளான்ட்டின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்காவின் வெப்பமண்டலம். இந்தியாவில் இயற்கையாக வளரும் மருள் இதற்கு நெருங்கிய உறவு. மருளின் இலைநாரில் அந்தக் காலத்தில் வில்லுக்கு நாண் திரித்தார்கள்.

● இரவில் ஆக்சிஜன் தருமா? இல்லை. நீரிழப்பைத் தவிர்க்க இது இலைத்துளைகளை இரவில் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்கிறது. ஆக்சிஜன் உருவாவது பகல் வெளிச்சத்தில்தான்.

● காற்றைச் சுத்தமாக்குமா? செடிகள் காற்றைச் சுத்தமாக்கும் என்று சொன்ன, 1989இல் வெளியான நாசா ஆய்வு, காற்றுப் புகாத சிறு அறைகளில் நடந்தது. சாதாரண வீட்டில் அந்தப் பலனை எதிர்பார்க்க முடியாது. வீட்டுக் காற்று மாற ஜன்னலைத் திறப்பதே நல்ல வழி.

● எப்போது தண்ணீர்? இலையும் மண்ணுக்குள் படரும் தண்டும் நீரைச் சேமித்து வைக்கும். எனவே மண் நன்றாகக் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். இந்தச் செடி வாடிச் சாவதைவிட, அதிகத் தண்ணீரால் அழுகிச் சாவதே அதிகம். தொட்டியின் அடியில் துளையும், மண்ணில் ஆற்றுமணலும் அவசியம்.

● மஞ்சள் ஓரம் வேண்டுமா? மஞ்சள் ஓர ரகத்தின் இலையை வெட்டி நட்டால், முளைக்கும் கன்று பெரும்பாலும் வெறும் பச்சையாகவே இருக்கும். பக்கக்கன்றை வேரோடு பிரித்து நட்டால் மஞ்சள் ஓரம் மாறாமல் வரும்.

● வெளிச்சம்? மங்கலான மூலையிலும் உயிர் பிழைக்கும். ஆனால் செழித்து வளர ஜன்னலோர வெளிச்சம் தேவை.

● கவனம்! இலையிலுள்ள சப்போனின், கடித்துத் தின்னும் நாய், பூனைகளுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும். எட்டாத இடத்தில் வையுங்கள்.