பழைய லோரிக்கு வேறு இயந்திரமா?

பழைய லோரிக்கு வேறு இயந்திரம் பொருத்தப் போகிறீர்களா? முதலில் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதியைப் பெறுங்கள். பொருத்திய பின் வண்டியைப் பரிசோதனைக்கு அனுப்பி, புதிய இயந்திர எண்ணைப் பதிவிலும் மாற்றுங்கள். எண்கள் பொருந்தாவிட்டால், விபத்து நேரும்போது காப்புறுதி இழப்பீடும் சிக்கலாகலாம்.

அடுத்தது புகை. மலேசியாவின் 1996ஆம் ஆண்டு டீசல் புகை விதிகளின்படி உச்ச வரம்பு 50 ஹார்ட்ரிட்ஜ் அலகு. கியர் போடாமல் எண்ணெய் மிதியை முழுக்க அழுத்தும்போது, குழாய்க்குள் வரும் புகை ஒளியில் பாதியை மறைத்தால் அதுவே 50.

இழுவை கூடட்டும் என்று டீசல் பம்பைத் திருகிவிடாதீர்கள். காற்று போதாமல் டீசல் அரைகுறையாக எரிந்து கரியாக வெளியேறும். அந்தக் கரி உங்கள் பணம். பின்னால் மோட்டார்சைக்கிளில் வருபவரின் நுரையீரலுக்கு நஞ்சு. காற்று வடிகட்டியை முதலில் பாருங்கள்.