சுருட்டுக்குள்ளே காப்பி மணம்!

சுருட்டு என்றதும் உங்கள் கண் முன் வருகிறவர் யார்?

பலருக்கு இங்கிலாந்தின் சர்ச்சில்தான் நினைவுக்கு வருவார். வாயோரத்தில் தடித்த சுருட்டு இல்லாத சர்ச்சில் படத்தைக் காண்பதே அரிது. தூத்துக்குடிச் சீமைக்காரர்களைக் கேட்டாலோ வேறு பதில் வரும். "எங்க சுடலைமாடசாமி!" என்பார்கள். அந்தக் காவல் தெய்வத்துக்குக் கொடை நடக்கும்போது படையலில் சுருட்டும் இடம் பெறும்.

சாமிக்கும் பிடித்தது; சர்ச்சிலுக்கும் பிடித்தது. அந்தச் சுருட்டு இப்போது புது வேடம் போட்டிருக்கிறது. அதற்குள் காப்பி மணம்!

மத்திய அமெரிக்காவில் நிக்கராகுவா என்று ஒரு சிறு நாடு உண்டு. அங்கே எஸ்டெலி என்னும் ஊர் சுருட்டுத் தொழிலுக்குப் பேர்போனது. அந்த ஊரில் 'ட்ரூ எஸ்டேட்' என்ற நிறுவனம் 'தபாக் எஸ்பெசியல்' என்ற பெயரில் காப்பி மணமூட்டிய சுருட்டுகளைச் செய்கிறது. வெளிறிய மேலிலை சுற்றியது ஒரு வகை. கறுத்த மேலிலை சுற்றியது இன்னொரு வகை. பணக்கார நாடுகளின் சுருட்டுப் பிரியர்கள் அதை வாங்கி, முகர்ந்து, நிதானமாக ரசித்துப் புகைக்கிறார்கள்.

அப்படி என்ன ருசி அதில்? ருசிப்பது எப்படி? அதற்குக் கொடுக்கும் விலைதான் என்ன?

இந்தக் கேள்விகளைக் கேட்கத் தூத்துக்குடியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது.

போன சொல்லும் வந்த சொல்லும்

ஆங்கிலத்தில் 'செரூட்' என்று ஒரு சொல் உண்டு. இரு முனையும் வெட்டிய சுருட்டுக்கு அந்தப் பெயர். அது எங்கே போய்ப் பெற்ற சொல் தெரியுமா? நம்முடைய 'சுருட்டு'தான்! போர்ச்சுகீசியர் இன்றும் சுருட்டைச் 'சருட்டு' என்றே சொல்கிறார்கள்.

அந்தப் போர்ச்சுகீசியர் முத்துக்குளித்துறையில் நூறு ஆண்டுக்கு மேல் காலூன்றி இருந்தவர்கள். புகையிலையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்களும் அவர்களே. இலை அவர்களுடையது, சுருட்டிய பெயர் நம்முடையது.

1658-இல் டச்சுக்காரர்கள் வந்து தூத்துக்குடியைப் பிடித்தார்கள். அரபு மொழியின் 'கஹ்வா' என்ற சொல் பல நாடு சுற்றி, டச்சுக்காரர் நாவில் 'கோஃபி' ஆயிற்று. ஆங்கிலேயர் நாவில் 'காஃபி' ஆயிற்று. நம் வீட்டில் 'காப்பி' ஆயிற்று. மலையாளக் கரையிலிருந்து காப்பிக் கன்றுகளை ஜாவாத் தீவுக்குக் கொண்டுபோய் நட்டவர்களும் அந்த டச்சுக்காரர்களே. 1690-களில் நடந்தது அது.

ஆக, நம்மிடமிருந்து கடல் தாண்டிப் போன சொல் சுருட்டு. கடல் தாண்டி நம்மிடம் வந்த சொல் காப்பி. இரண்டும் நிக்கராகுவாவில் ஒரே இலைக்குள் சந்தித்துக்கொண்டன!

போட் மெயில் காலம்

ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டுமானால் தூத்துக்குடிக்குத்தான் வர வேண்டும். 1914-இல் பாம்பன் பாலம் திறக்கும் வரையில் 'போட் மெயில்' ரயில் இங்கேதான் வந்து நின்றது. துறையில் ஆழம் போதாது. ஆகையால் கப்பல் கரையிலிருந்து சில மைல் தள்ளியே நங்கூரம் போடும். பயணிகள் படகில் போய்க் கப்பல் ஏறுவார்கள். 1906-இல் வ. உ. சிதம்பரனார் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, வெள்ளைக்காரனுக்குப் போட்டியாகக் கப்பல் விட்டதும் இந்தத் தூத்துக்குடி - கொழும்பு வழியில்தான்.

அந்த ரயில் பாதையில் இரண்டு ஊர்கள் சுருட்டுக்குப் பெயர் பெற்றவை. ஒன்று திருச்சி, மற்றொன்று திண்டுக்கல். திண்டுக்கல் வட்டாரத்தில் விளைந்த புகையிலை, திருச்சி உறையூரில் சுருட்டாக உருண்டது. திருச்சிச் சுருட்டின் புகழ் எவ்வளவு தூரம் போயிற்று? துப்பறியும் ஷெர்லக் ஹோம்ஸ் வரை போயிற்று! 1887-இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்துக் கொலைகாரன் புகைத்தது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடித்துவிடுகிறார் அந்தத் துப்பறியும் நிபுணர். சர்ச்சிலுக்கும் திருச்சிச் சுருட்டு போயிற்று என்பது ஊர்ப் பேச்சு. ஆனால் அவர் பெரிதும் விரும்பிப் புகைத்தது கியூபாச் சுருட்டுதான்.

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் வேடசந்தூரில், சுருட்டுப் புகையிலைக்கென்றே 1948-இல் ஓர் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. பிறகு பீடியும் சிகரெட்டும் வந்து சுருட்டை ஓரங்கட்டின. இன்று சுருட்டு உருட்டத் தெரிந்த கைகள் மிகக் குறைவு.

மணமூட்டுவது புதிதா?

புகையிலைக்கு ஒரு விசித்திர குணம் உண்டு. அது பஞ்சு மாதிரி. ஈரத்தையும் இழுக்கும், பக்கத்தில் உள்ள வாசனையையும் இழுக்கும். காப்பி மணமுள்ள சுருட்டை மற்றச் சுருட்டுகளோடு ஒரே பெட்டியில் வைத்தால், சில நாளில் அத்தனை சுருட்டும் காப்பி மணக்கும். அதனால் அனுபவசாலிகள் அதைத் தனிப் பெட்டியில் வைக்கிறார்கள்.

இந்தக் குணத்தை வைத்துத்தான் மணமூட்டுகிறார்கள். வாசனைப் பொருள்களோடு இலையை மூடிய அறையில் அடைத்து வைப்பது ஒரு முறை. சாற்றை இலையில் தெளிப்பது இன்னொரு முறை. வாயில் வைக்கும் நுனியில் இனிப்புத் தடவுவதும் உண்டு.

இது அமெரிக்கக் கண்டத்தார் புதிதாகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. நமக்கு எதிர்க்கரையில் உள்ள யாழ்ப்பாணத்தில் புகையிலைக்குக் 'கோடா' போடும் வழக்கம் பழையது. இனிப்பும் வாசனையும் சேர்ந்த பாகு அது. இலையின் காரத்தை அடக்கி, மணத்தைத் தூக்கிக் கொடுக்கும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கடைக்காரர்கள் அந்தச் சுருட்டைக் கொண்டுபோய்ச் சிங்களப் பகுதிகளிலும் விற்றார்கள்.

சரி, காப்பிக்கும் புகையிலைக்கும் என்ன பொருத்தம்? இரண்டும் பக்குவம் பெற்ற பிறகே மணக்கின்றன. பச்சைக் காப்பிக் கொட்டைக்கு மணமில்லை, வறுத்தால்தான் மணம். பச்சைப் புகையிலையும் அப்படியே. உலர்த்தி, அம்பாரம் போட்டு, உள்ளுக்குள்ளே சூடேறிப் புளித்த பிறகுதான் அதற்கு மணம் வரும். வறுத்த காப்பியிலும் பக்குவமான புகையிலையிலும் 'பைரசின்' என்ற ஒரே வகை வாசனைப் பொருள்கள் இருப்பதை ரசாயன நிபுணர்கள் கண்டிருக்கிறார்கள். மூக்குக்கு இரண்டும் சொந்தக்காரர்கள்!

ருசிக்கும் முறை

சுருட்டு ரசிகர்கள் இதற்கு ஒரு சடங்கே வைத்திருக்கிறார்கள்.

முதலில் விரலால் மெல்ல அமுக்கிப் பார்க்க வேண்டும். மொறமொறவென்றால் காய்ந்துவிட்டது. சதசதவென்றால் ஈரம் மிஞ்சிவிட்டது. பிறகு பற்ற வைக்காமலே முகர வேண்டும். காப்பி மணம் மிகத் தெளிவாகத் தெரிவது இந்த நேரத்தில்தான்.

அடுத்து மூடிய முனையைக் கொஞ்சமாக வெட்ட வேண்டும். தீக்குச்சியைக் கிழித்தவுடன் நீட்டக் கூடாது. மருந்து எரிந்து தீரட்டும். இல்லாவிட்டால் கந்தக நெடி ஏறிவிடும். தீ நாக்கு இலையைத் தொடாமல், சூடு மட்டும் படும்படி சுற்றிக் காட்டிப் பற்ற வைப்பார்கள்.

புகையை மார்புக்குள் இழுப்பதில்லை. வாயில் சற்று வைத்திருந்து விட்டுவிடுவார்கள். நிமிடத்துக்கு ஒரு தடவை போதும். அவசரப்பட்டு இழுத்தால் சூடேறிக் கசக்கும். முதல் பகுதியில் இனிப்பும் காப்பியும். நடுப்பகுதியில் வறுத்த வாசனை. கடைசிப் பகுதியில் புகையிலையின் காரம். இப்படி மூன்றாகப் பிரித்து ருசி சொல்வார்கள். முடிந்ததும் நசுக்குவதில்லை. தானாக அணைய விடுவார்கள்.

இந்த ருசியையெல்லாம் கண்டுபிடிப்பது நாக்கு அல்ல. நாக்குக்குத் தெரிந்தது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு போன்ற ஒரு சில மட்டுமே. மற்றதெல்லாம் மூக்கின் வேலை. வாயில் உள்ள மணம் தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறுகிறது. அதைத்தான் நாம் 'ருசி' என்கிறோம்.

விலை என்ன?

இனி விலைக்கு வருவோம். கடையில் கொடுக்கும் விலை அல்ல; உடம்பு கொடுக்கும் விலை.

"புகையை உள்ளே இழுக்கவில்லையே, என்ன கெடுதல்?" என்று சுருட்டுக்காரர்கள் கேட்பதுண்டு. சுருட்டுப் புகை காரத்தன்மை கொண்டது. அதனால் அதிலுள்ள நிக்கோட்டின், மார்பு வரை போகாமலே, வாயின் உட்தோல் வழியாக ரத்தத்தில் ஏறிவிடும். புகை தங்குகிற உதடு, நாக்கு, தொண்டை, உணவுக்குழாய் எல்லாவற்றையும் புற்றுநோய் பிடிக்கலாம். ஒரு பெரிய சுருட்டில் உள்ள புகையிலை, ஒரு பாக்கெட் சிகரெட்டில் உள்ளதற்குச் சமமாகக்கூட இருக்கும்.

ஆந்திரக் கடற்கரையில் விசாகப்பட்டினம், ஸ்ரீகாகுளம் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மீனவப் பெண்கள் சிலர் 'சுட்டா' என்னும் சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார்கள். அவர்களுக்கு மேலண்ணத்தில் புற்றுநோய் வருவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். உலகத்தில் வாய்ப் புற்றுநோய் காணும் மூவரில் ஒருவர் இந்தியர். மெல்லும் புகையிலையும் புகைக்கும் புகையிலையும் கூட்டுச் சேர்ந்து செய்த வேலை அது.

காப்பி மணம் இந்தக் கெடுதலைக் குறைக்குமா? ஒரு துளியும் குறைக்காது. நெஞ்சை அடைக்கும் காரத்தை மறைத்து, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு வழியை எளிதாக்குவதுதான் அது செய்யும் உபகாரம். இதை எண்ணித்தான் அமெரிக்கா 2009-இல் மணமூட்டிய சிகரெட்டுகளைத் தடை செய்தது. புதினாச் சிகரெட்டுக்கு மட்டும் விலக்கு. சுருட்டோ அந்தத் தடைக்குள் வரவே இல்லை. இந்தியாவில் 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதினெட்டு வயதுக்கு உட்பட்டவருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது.

இன்னொரு வேடிக்கை. புகைப்பவர் உடம்பு காப்பியின் கஃபீனை ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் கரைத்துத் தள்ளிவிடும். குடித்த காப்பியின் உற்சாகம் சீக்கிரம் போய்விடும். உடனே இன்னொரு காப்பி! புகையை நிறுத்தியவர் அதே அளவு காப்பி குடித்தால் படபடக்கும், தூக்கம் கெடும். நிறுத்தியதால் வந்த கோளாறு என்று எண்ணி மறுபடி பற்ற வைத்துவிடுகிறவர்களும் உண்டு. காப்பியைப் பாதியாக்கினால் போதும், படபடப்பு அடங்கும்.

மூச்சை நம்பிய கரை

தூத்துக்குடி மூச்சை நம்பி வாழ்ந்த ஊர். முத்துக் குளிப்பவர் கல்லை மிதித்துக்கொண்டு கடலுக்குள் இறங்குவார். பத்துப் பாகம் ஆழத்தில் ஒரு நிமிடம்போல் மூச்சடக்கிச் சிப்பி பொறுக்குவார். மேலே கயிறு பிடிப்பவர் மைத்துனராக இருப்பார் என்பது இக்கரை வழக்கு. தங்கை தாலியை நினைத்தாவது கயிற்றை விடமாட்டார் அல்லவா? 1955 முதல் 1961 வரை நடந்ததே இங்கு நடந்த கடைசி முத்துக்குளிப்பு. சங்கு குளிப்பவர்கள் இன்றும் கடலில் இறங்குகிறார்கள். மூச்சின் அருமை அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கரையில் பிறந்த ஒருவரிடம் காப்பிச் சுருட்டை முகரக் கொடுத்தால் என்ன சொல்வார்? "இது நம்ம கருப்பட்டிக் காப்பி வாசனையில்லா!" என்றுதான் சொல்வார். வறுத்த மணம், அடியில் ஓர் இனிப்பு, மேலே மெல்லிய புகை வாசம். மூன்றும் உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பியில் இருக்கின்றன. பதநீரை விறகடுப்பில் காய்ச்சி எடுக்கிற கருப்பட்டியில் புகை வாசம் சேராமல் இருக்குமா?

நாளைக் காலையில் நீங்களே சோதித்துப் பாருங்கள். கருப்பட்டிக் காப்பி ஒரு டம்ளர் போடுங்கள். மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு ஒரு மடக்குக் குடியுங்கள். கசப்பும் இனிப்பும் மட்டுமே தெரியும். இப்போது மூக்கை விடுங்கள். குபீரென்று அத்தனை மணமும் வந்து நிறையும்!

எஸ்டெலியில் பெட்டி பெட்டியாக அடைத்து விற்பது அந்த மணத்தைத்தான். அதை ரசிக்க உங்களிடம் மூக்கு இருக்கிறது, டம்ளர் இருக்கிறது. தீக்குச்சி அடுப்பைப் பற்ற வைத்தால் போதும்.