குருதி அழுத்தச் சீராக்கம்

குருதி அழுத்தச் சீராக்கம் என்பது, தமனிகளில் ஓடும் குருதியின் அழுத்தத்தை உடல் ஒரு குறுகிய வரம்புக்குள் வைத்திருக்கும் செயல்முறை ஆகும். இதயத் துடிப்பின் வீதம், இதயம் சுருங்கும் விசை, குருதிக் குழாய்களின் விட்டம், உடலிலுள்ள நீர் மற்றும் உப்பின் அளவு ஆகியவற்றை மாற்றுவதன் மூலம் இது நடைபெறுகிறது. இதனை மூளையும் நரம்புகளும் ஒருபுறமும், இயக்குநீர்கள் (ஹார்மோன்கள்) மறுபுறமும் நடத்துகின்றன. நரம்புவழிக் கட்டுப்பாடு சில நொடிகளில் செயற்படுகிறது. இயக்குநீர்வழிக் கட்டுப்பாட்டின் முழு விளைவு தெரிய நிமிடங்கள் முதல் நாட்கள் வரை ஆகும். முதலாவது பழுதுபட்டால் எழுந்து நிற்கும்போதே மயக்கம் ஏற்படலாம். இரண்டாவது பிறழ்ந்தால் எவ்வித அறிகுறியும் இன்றி ஆண்டுக்கணக்கில் உயர் குருதி அழுத்தம் நீடிக்கலாம்.

அழுத்தத்தைத் தீர்மானிக்கும் காரணிகள்

குருதி அழுத்தம் முதன்மையாக இரண்டு காரணிகளைப் பொறுத்தது. ஒன்று, இதயம் ஒரு நிமிடத்தில் வெளியேற்றும் குருதியின் அளவு. மற்றொன்று, சிறு தமனிகள் குருதி ஓட்டத்துக்குத் தரும் தடை. ஓய்விலிருக்கும் வளர்ந்த மனிதரின் இதயம் ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லிலீட்டர் குருதியை வெளியேற்றுகிறது. நிமிடத்துக்கு 70 முறை துடிக்கும் இதயம் இவ்வாறு ஏறத்தாழ 5 லீட்டர் குருதியை வெளியே தள்ளுகிறது. குழாயின் தடையோ அதன் ஆரத்தைப் பொறுத்து மிக விரைவாக மாறக்கூடியது. ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை 16 மடங்காக உயரும். ஆகவே சிறு தமனிகளின் சுவரிலுள்ள தசை சிறிதளவு சுருங்கினாலும் அழுத்தத்தில் பெரிய மாற்றம் உண்டாகிறது.

நிற்கும் மனிதரில் மூளை இதயத்தை விட உயரத்தில் உள்ளது. மூளைக்குச் செல்லும் குருதி முற்றிலும் நின்றுவிட்டால் ஏறத்தாழ 10 நொடிகளில் நினைவு தப்பிவிடும். எனவே அழுத்தம் குறையும்போது அதனை உடனடியாகச் சரிசெய்வது உயிர் வாழ்வதற்கு இன்றியமையாதது.

இதயத்தின் தன்னியக்கமும் நரம்புகளும்

இதயம் துடிப்பதற்கு மூளையின் கட்டளை தேவையில்லை. வலது மேலறையின் சுவரிலுள்ள சைனோ ஏட்ரியல் கணு தானாகவே மின் துடிப்புகளை உருவாக்குகிறது. நரம்புகளின் தாக்கம் இல்லாவிடில் இக்கணு நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 முறை துடிப்பைத் தூண்டும். ஓய்வில் துடிப்பு 70 அளவில் இருப்பதற்குக் காரணம், முகுளத்திலிருந்து வரும் வேகஸ் நரம்பு அதனை இடைவிடாது மெதுவாக்கிக் கொண்டிருப்பதே ஆகும்.

இந்நரம்பைத் தூண்டினால் இதயத் துடிப்பு குறைவதை 1845 ஆம் ஆண்டில் செருமானிய அறிவியலாளர்களான வேபர் உடன்பிறப்புகள் கண்டறிந்தனர். நரம்பு எவ்வாறு இதனைச் செய்கிறது என்பதை 1921 இல் ஒட்டோ லோவி ஒரு தவளை இதயத்தைக் கொண்டு விளக்கினார். வேகஸ் நரம்பு தூண்டப்பட்ட இதயத்தைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து அவர் வேறொரு இதயத்தில் இட்டபோது, அவ்விதயமும் மெதுவாகத் துடித்தது. நரம்பு முனையிலிருந்து ஒரு வேதிப்பொருள் வெளிப்படுவதை இது காட்டியது. அப்பொருள் அசிட்டைல்கோலின் எனப் பின்னர் உறுதியானது. லோவியும் என்றி டேலும் 1936 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வேகஸ் நரம்புக்கு எதிராகச் செயற்படுவது பரிவு நரம்புத் தொகுதி ஆகும். இதன் நரம்பு முனைகள் நோர் அட்ரினலினை வெளியிடுகின்றன. இதனால் துடிப்பு வேகமடைகிறது, சுருங்கும் விசை கூடுகிறது, சிறு தமனிகளும் சிரைகளும் சுருங்குகின்றன.

மாற்று இதயம் பொருத்தப்பட்டவர்களிடம் இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காணலாம். அறுவை மருத்துவத்தின்போது நரம்புகள் துண்டிக்கப்படுவதால், பொருத்தப்பட்ட இதயம் ஓய்விலும் நிமிடத்துக்கு 90 முதல் 110 முறை துடிக்கிறது. அவர் மாடிப்படி ஏறத் தொடங்கும்போது துடிப்பு உடனே உயர்வதில்லை. குருதி வழியாக அட்ரினலின் வந்து சேர்ந்த பின்னரே, சில நிமிடங்களில், படிப்படியாக உயர்கிறது. ஏறி முடித்த பின்னரும் அது மெதுவாகவே குறைகிறது.

அழுத்த உணரிகள்

கழுத்தில் தலைத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், பெருந்தமனியின் வளைவிலும் அழுத்த உணரிகள் அமைந்துள்ளன. அழுத்தம் கூடும்போது தமனிச் சுவர் விரிகிறது. உணரிகள் முகுளத்துக்கு அனுப்பும் துடிப்புகளின் எண்ணிக்கை கூடுகிறது. முகுளம் வேகஸ் நரம்பின் செயலைக் கூட்டி, பரிவு நரம்புகளின் செயலைக் குறைக்கிறது. அழுத்தம் குறையும்போது இதற்கு நேர்மாறாக நிகழ்கிறது.

படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லீட்டருக்கும் மேற்பட்ட குருதி கால்களிலும் வயிற்றுப் பகுதியிலும் உள்ள சிரைகளில் தங்குகிறது. இதயத்துக்குத் திரும்பும் குருதி குறைந்து, அழுத்தமும் ஒரு கணம் குறைகிறது. அழுத்த உணரிகள் இதனை உணர்த்த, சில நொடிகளில் இதயம் வேகமாகத் துடித்து, குழாய்கள் சுருங்கி, அழுத்தம் பழைய நிலைக்கு வருகிறது. நலமுடன் இருப்பவர் இதனைப் பெரும்பாலும் உணர்வதே இல்லை.

இயக்குநீர்கள்

குருதி அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் முதன்மையான இயக்குநீர்கள் பின்வருமாறு:

- அட்ரினலின்: சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அண்ணீரகங்களின் (அட்ரினல் சுரப்பிகளின்) உட்பகுதி இதனைச் சுரக்கிறது. அச்சம், சினம், உடலுழைப்பு, குருதி இழப்பு ஆகியவற்றின்போது பரிவு நரம்புகளின் தூண்டுதலால் இது குருதியில் கலந்து, இதயத்தின் வேகத்தையும் விசையையும் கூட்டுகிறது.
- ரெனின், ஆஞ்சியோடென்சின்: சிறுநீரகத்துக்குச் செல்லும் குருதியின் அழுத்தம் குறைந்தால் அது ரெனின் என்னும் நொதியை வெளியிடுகிறது. ரெனின், கல்லீரல் உருவாக்கும் ஒரு புரதத்தை ஆஞ்சியோடென்சின் 1 ஆக மாற்றுகிறது. பெரும்பாலும் நுரையீரல் குழாய்களில் உள்ள மற்றொரு நொதி அதனை ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. இது குழாய்களை வலிமையாகச் சுருக்குகிறது, தாகத்தையும் தூண்டுகிறது.
- அல்டோஸ்டிரோன்: ஆஞ்சியோடென்சின் 2 இன் தூண்டுதலால் அண்ணீரகத்தின் புறப்பகுதி இதனைச் சுரக்கிறது. சிறுநீரில் வெளியேறவிருக்கும் சோடியத்தை உடல் தக்கவைத்துக்கொள்ள இது உதவுகிறது. சோடியத்துடன் நீரும் தங்குவதால் குருதியின் கனஅளவு கூடுகிறது.
- வாசோபிரெசின்: மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியில் உருவாகி, பிட்யூட்டரியின் பின்பகுதியிலிருந்து வெளியாகிறது. சிறுநீரகம் நீரைச் சேமிக்கச் செய்கிறது.
- மேலறை இயக்குநீர்: குருதி மிகுந்து இதயத்தின் மேலறைகள் விரிவடையும்போது அவை இதனைச் சுரக்கின்றன. இது உப்பையும் நீரையும் வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிறது. இதயமும் ஒரு சுரக்கும் உறுப்பே என்பதற்கான சான்றை அடோல்ஃபோ டி போல்ட் குழுவினர் 1981 இல் எலிகளில் கண்டனர்.

இரு கட்டுப்பாடுகளும் இணைந்து செயற்படல்

குருதிக் கொடையின்போது 350 முதல் 450 மில்லிலீட்டர் வரை குருதி எடுக்கப்படுகிறது. அந்நேரத்திலேயே பரிவு நரம்புகள் சிரைகளைச் சுருக்கி இழப்பை ஈடுசெய்யத் தொடங்குகின்றன. அடுத்த நிமிடங்களில் ரெனினும் வாசோபிரெசினும் கூடுகின்றன. பின்னர் அல்டோஸ்டிரோன் உப்பைச் சேமிக்கிறது. தாகத்தால் பருகும் நீர் உடலில் தங்குகிறது. இவ்வாறு ஓரிரு நாட்களில் குருதியின் கனஅளவு மீள்கிறது. சிவப்பணுக்கள் முழுமையாக மீளச் சில வாரங்கள் தேவைப்படும். கொடையாளரை உடனே எழுந்து நடக்க விடாமல் சற்று நேரம் அமரச் செய்வதற்குக் காரணம், குருதி குறைந்த நிலையில் எழுந்து நிற்பது நரம்புவழிக் கட்டுப்பாட்டுக்கு இரட்டைச் சுமையாகும் என்பதே.

சீராக்கம் பிறழ்தல்

எழுந்து நின்ற 3 நிமிடங்களுக்குள் மேல் அழுத்தம் 20 மி.மீ. பாதரச அளவுக்கோ கீழ் அழுத்தம் 10 மி.மீ. பாதரச அளவுக்கோ குறைந்தால் அது நிற்றல்சார் தாழ் அழுத்தம் எனப்படும். முதுமை, நெடுநாள் நீரிழிவால் நரம்புகள் பழுதுபடல், சில மருந்துகள் ஆகியன இதற்குக் காரணமாகலாம். முதியவர்கள் விழுந்து எலும்பு முறிவதற்கு இது ஒரு முக்கிய காரணம் ஆகும்.

உயர் குருதி அழுத்தத்தை அழுத்த உணரிகள் தடுக்க முடிவதில்லை. அழுத்தம் ஓரிரு நாட்கள் உயர்ந்தே இருந்தால், அவ்வுயர்ந்த அளவையே உணரிகள் இயல்பானதாக ஏற்றுக்கொள்கின்றன. அதன் பின்னர் அவை அப்புதிய அளவைப் பேணவே முயல்கின்றன. நெடுங்கால அழுத்தத்தைத் தீர்மானிப்பதில் சிறுநீரகத்துக்கே பெரும் பங்குண்டு. 1934 இல் ஹாரி கோல்ட்பிளாட் நாய்களின் சிறுநீரகத் தமனிகளை ஓரளவு இறுக்கியபோது அவற்றின் குருதி அழுத்தம் உயர்ந்து, அவ்வாறே நிலைத்தது. அழுத்தம் குறைந்துவிட்டதாகச் சிறுநீரகம் தவறாக உணர்ந்து ரெனினைச் சுரந்ததே அதற்குக் காரணம்.

உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, 2019 ஆம் ஆண்டில் 30 முதல் 79 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 128 கோடிப் பேருக்கு உயர் குருதி அழுத்தம் இருந்தது. அவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேர் அதனை அறிந்திருக்கவில்லை. அளந்து பார்த்தாலன்றி இதனை அறிய இயலாது.

மருத்துவப் பயன்பாடு

உயர் குருதி அழுத்தத்துக்கான மருந்துகள் பலவும் மேற்கூறிய கட்டுப்பாடுகளில் ஏதேனும் ஒரு கட்டத்தைத் தடுப்பவை. 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கிய புரொப்ரனோலால், இதயத்திலுள்ள ஏற்பிகளில் அட்ரினலின் செயற்படுவதைத் தடுக்கிறது. பிரேசில் நாட்டு விரியன் வகைப் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்ததன் வழியாகக் கேப்டோபிரில் உருவானது. ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைத் தடுக்கும் இம்மருந்து 1981 இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. லோசார்டன் போன்றவை ஆஞ்சியோடென்சின் 2 அதன் ஏற்பியில் இணைவதைத் தடுக்கின்றன. இவ்விரு வகைகளும் கருவிலுள்ள குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியவை ஆதலால் கருவுற்ற பெண்களுக்குத் தரப்படுவதில்லை. சிறுநீர்ப் பெருக்கிகள் உப்பையும் நீரையும் வெளியேற்றுகின்றன. நாள் ஒன்றுக்கு உண்ணும் உப்பை 5 கிராமுக்குக் குறைவாக வைத்திருக்குமாறு உலக சுகாதார அமைப்பு பரிந்துரைப்பதும் இதே அடிப்படையிலாகும்.