பதினோரு ரூபாய் அதிகம்!

'சர்ப்ரைஸ் விஸிட்' என்பது பெயருக்குத்தான். எங்கள் பாங்க்கில் அது யாருக்குமே சர்ப்ரைஸாக இருந்ததில்லை.

ரீஜனல் மேனேஜரின் அம்பாஸடர் திருச்சி ஆபீஸ் கேட்டைத் தாண்டியதுமே அங்கிருக்கும் நண்பர் ஒருவர் போன் போடுவார். "மாமா பொண்ணு பார்க்கக் கிளம்பிட்டார்" என்பார். அவ்வளவுதான். அடுத்த அரை மணி நேரத்தில் மேஜைகள் துடைக்கப்படும். லெட்ஜர்கள் அடுக்கப்படும். "ஸார், நீங்களா! சொல்லவே இல்லையே!" என்று மேனேஜர் வாசலில் நின்று ஆச்சரியப்படுவார். ஆச்சரியத்தைக்கூட ஒத்திகை பார்த்து வைத்திருந்த ஆபீஸ் எங்களுடையது.

கும்பகோணம் பக்கத்தில் சின்ன ஊர். மேனேஜரிலிருந்து அட்டெண்டர் வரை மொத்தம் பதினோரு பேர். ஒரு கிரிக்கெட் டீம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். சிரிப்பும் கலாட்டாவும் தெருமுனை வரை கேட்கும்.

1992, மார்ச் 4. புதன்கிழமை. உலகக் கோப்பையில் இந்தியாவும் பாகிஸ்தானும் முதன்முறையாக மோதிய நாள். மேட்ச் நடந்தது சிட்னியில். அங்கே பகல்-இரவு ஆட்டம் என்றால் நம் ஊரில் அது சரியாக ஆபீஸ் நேரம்! பாங்க் ஊழியனுக்கு இதைவிடப் பெரிய சோதனை உண்டா?

எதிரே இருந்த காபி கிளப்பில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. முறை வைத்து "ஒரு டீ சாப்பிட்டுட்டு வரேன்" என்று ஒவ்வொருவராகப் போனோம். மற்றவர்களுக்கு அட்டெண்டர் ஸ்கோர் கொண்டு வந்தார். கிரிக்கெட்டில் ரன்னர் என்ற வார்த்தைக்கு அன்றுதான் எனக்கு முழு அர்த்தம் புரிந்தது.

பந்தயம் வேறு. இந்தியா எத்தனை ரன் எடுக்கும்? தலைக்கு ஒரு ரூபாய். எல்லாரும் எழுதிக் கொடுத்த வித்ட்ராயல் ஸ்லிப்பும், வசூலான 11 ரூபாயும் கேஷியரிடம் பத்திரமாக இருந்தன.

நான் நகைக்கடன் ஸீட். பதினொன்றரைக்கு ஒரு பாட்டி வந்தார். பேத்தியின் கம்மலையும் சங்கிலியையும் மீட்க வேண்டும். சாயங்காலம் பேத்தியைப் பெண் பார்க்க வருகிறார்கள். வட்டி கணக்குப் போட்டு, பணம் கட்டச் சொல்லி, ரசீதும் வாங்கிவிட்டேன். நகை பெட்டகத்தில் இருந்தது. பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று மேனேஜரிடம். மற்றொன்று ஹெட் கேஷியரிடம். ஹெட் கேஷியர் காபி கிளப்பில்.

"செத்த உக்காருங்க பாட்டி. அஞ்சு நிமிஷம்."

போய் அவரைக் கூப்பிட வேண்டியவன் நான்தான். போனேன். ஆனால் டி.வி.யில் கபில்தேவ் விளாச ஆரம்பித்திருந்தார். மறுமுனையில் பதினெட்டு வயது டெண்டுல்கர். நீங்களாக இருந்தால் கூப்பிட்டிருப்பீர்களா? நானும் அவர் பக்கத்தில் நின்றுவிட்டேன்.

இந்தியா 216. கபில் 26 பந்தில் 35. சச்சின் ஆட்டமிழக்காமல் 54. குதூகலமாகத் திரும்பி வந்தால், பெஞ்சில் பாட்டி பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். கதர்ச் சட்டை, மடியில் மஞ்சள் பை.

"உங்களுக்கு என்ன ஸார் வேணும்?"

"முதல்ல இந்த அம்மா நகையைக் குடுங்க. என் விஷயம் அப்புறம்."

உள்ளேயிருந்து வந்த மேனேஜர் அவரைப் பார்த்தார். இந்த முறை ஆச்சரியத்துக்கு ஒத்திகை தேவைப்படவில்லை. சாட்சாத் ரீஜனல் மேனேஜர்! காரை விட்டுவிட்டு பஸ்ஸில் வந்திருக்கிறார் மனிதர். பஸ் கிளம்பியதற்கு யார் போன் போடுவார்கள்?

பாட்டிக்கு நகை கிடைத்தது. ஆனால் மதிய பஸ் போய்விட்டது. அடுத்தது சாயங்காலம்தான். பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. முந்தானையில் நகையை முடிந்துகொண்டு அதே பெஞ்சில் உட்கார்ந்தார்.

இரண்டு மணிக்கு கவுண்ட்டர் மூடியதும் கேஷ் சோதனை. நோட்டு நோட்டாக எண்ணினார்கள். மேனேஜர் நெற்றியில் வியர்வை. கடைசியில் 11 ரூபாய் அதிகம்!

வெளியில் இருப்பவர்களுக்கு இது நல்ல சேதியாகத் தெரியலாம். பாங்க்கில் குறைந்தால் எப்படித் தப்போ, கூடினாலும் அப்படியே தப்பு. யாரோ ஒருவருடைய பணம் கணக்கில் வரவில்லை என்று அர்த்தம். கேஷியருக்கு மெமோ நிச்சயம். அவர் முகம் வெளுத்து, அந்த ஸ்லிப்பை எடுத்து நீட்டினார்.

ஆர்.எம். நிதானமாகப் படித்தார். "இதை எந்தக் கணக்குத் தலைப்பில வரவு வைக்கறது?"

யாரும் வாய் திறக்கவில்லை.

"வாடிக்கையாளர் நேரத்துக்கு 15 நிமிஷம் முன்னாடியே ஸீட்ல இருக்கணும்னு போன வருஷம் கொய்போரியா கமிட்டி சிபாரிசு பண்ணியிருக்கு. இங்கே சீக்கிரம் வர்றது இருக்கட்டும். வந்தவங்க எங்கே போனாங்கன்னே தெரியலை. கேஷ்ல பதினோரு ரூபா கூடுது. அந்த அம்மா கணக்குல ஒரு மணி நேரம் குறையுது. பதினோரு ரூபாயைத் திருப்பிக் குடுத்துடலாம். அதை எப்படிக் குடுப்பீங்க?"

திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. "நகைக்கடன் ஸீட் யாரு?" என்றார். கையைத் தூக்கினேன். அந்தப் 11 ரூபாயோடு தன் பாக்கெட்டிலிருந்து 20 ரூபாய் சேர்த்துக் கொடுத்தார். "ஆட்டோ வெச்சு வீட்டு வாசல்ல இறக்கிட்டு வாங்க. பெண் பார்க்க வர்றவங்க காத்திருக்க மாட்டாங்க."

அதனால், ஜாவேத் மியான்தாத் கிரண் மோரேயைக் கேலி செய்து தவளை மாதிரி தாவிக் குதித்த அந்தக் காட்சியை ஊரே பார்த்து சிரித்தபோது, நான் வயல்வெளி நடுவே ஆட்டோவில் குதித்துக்கொண்டிருந்தேன். பாகிஸ்தான் 173-ல் சுருண்டதும், நாம் 43 ரன்னில் ஜெயித்ததும் திரும்பி வந்த பிறகுதான் தெரிந்தது.

வழியில் மன்னிப்புக் கேட்டேன். பாட்டி சிரித்தார்.

"அதனால என்ன தம்பி! 'பசங்க என்னமோ பந்தாட்டம் பாக்குறாங்க, முடிஞ்சதும் வந்துடும்ங்க, நல்ல புள்ளைங்க'ன்னு நான்கூட அந்தப் பெரியவருகிட்ட சொன்னேன்."

எனக்குச் சுருக்கென்றது. எங்களைக் காட்டிக் கொடுத்தவர் யாருமில்லை. காத்திருந்தவரே எங்களுக்காகப் பரிந்து பேசியிருக்கிறார். அதைக் கேட்டபடிதான் அந்த மனிதர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்.

மெமோ வரவில்லை. மேட்ச் நாட்களில் எங்கள் கலாட்டா குறையவுமில்லை. ஆனால் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் ஸீட்டை விட்டு எழுவதில்லை என்று நாங்களே வைத்துக்கொண்டோம். இன்று அந்த லெட்ஜரும் பித்தளை டோக்கனும் போய் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பெஞ்ச் மட்டும் போகவில்லை. பின்னாளில் நானும் மேனேஜர் ஆனபோது, தினமும் பத்து நிமிஷமாவது அதில் போய் உட்கார்ந்து பார்ப்பேன். என் ரூமிலிருந்து தெரியாதது அங்கிருந்து தெரியும்.

இறங்கும்போது பாட்டி சொன்னதை மட்டும் ரொம்ப நாள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்:

"அந்தப் பெரியவரும் லேசுப்பட்டவரு இல்ல தம்பி. அங்க 'கபிலு, கபிலு'ன்னு கூச்சல் போட்டாங்கள்ல? அப்ப மஞ்சப்பையை என் மடியில வெச்சுட்டு, ரெண்டு தடவ வாசலுக்குப் போயி எட்டிப் பாத்துட்டு வந்தாரு!"

பதினோரு பேர் டீமுக்குப் பன்னிரண்டாவது ஆள்!