பச்சை அட்டையில் இல்லாத கணக்கு

போடி கடைவீதியில் ஒரு சட்டையைப் புரட்டிப் பார்த்தோம். தொங்கிய அட்டையில் பச்சை இலைப் படம். இயற்கைக்கு உகந்த பருத்தி, மிச்சமான தண்ணீர் என்று பல விவரம். தைத்தவர்களைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

குரங்கணி, கொட்டகுடிச் சரிவில் ஏலத்தோட்ட வேலை மெலியும்போது நம் பெண்பிள்ளைகள் சிலர் மலையிறங்கி மில்லுக்கும் தையல் கம்பெனிக்கும் போகிறார்கள். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக் கட்டணம் சேர்க்கப் போகும் பிள்ளையும் அதில் உண்டு. அதனால்தான் இந்தப் பேச்சு.

தண்ணீர்க் கணக்கை நாம் இளக்காரமாகச் சொல்லவில்லை. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணை கழிவுத் தொட்டியானது. உழவர்கள் வழக்காடினார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியேறாத ஏற்பாடு செய்தால்தான் திறக்கலாம் என்றது. ஆறு கெட்டபோது கேட்க நிலமுள்ளவர்கள் இருந்தார்கள். தையல் மிஷின் முன்னால் இருக்கும் சேரிப் பெண்ணை மேற்பார்வையாளன் சீண்டினால் யார் கேட்பது?

2021 ஜனவரியில் நம் பக்கத்து மாவட்டத்தில் விடை தேட வேண்டியதாயிற்று. திண்டுக்கல் அருகே நாச்சி அப்பேரல் ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் கொல்லப்பட்டார். அங்கிருந்த மேற்பார்வையாளர் ஒருவர் கைதானார். அந்த ஆலை தைத்த துணி ஸ்வீடன் நாட்டு எச் அண்ட் எம் நிறுவனத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

தலித் பெண்கள் முன்நின்று நடத்தும் டி.டி.சி.யு. என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம் இரங்கல் கூட்டத்தோடு நிற்கவில்லை. பிற நாட்டுத் தொழிலாளர் அமைப்புகளையும் சேர்த்துக்கொண்டு, துணி வாங்குகிறவனையே பிடித்தது. 2022 ஏப்ரலில் ஆலையை நடத்தும் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் கையெழுத்திட்டது. எச் அண்ட் எம் கையெழுத்திட்டது. பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும் சேர்ந்தன. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் அதைச் சொல்கிறது. பாலியல் தொல்லையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடுத்தது. 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்கள் வந்தார்கள். புகார் சொன்னவரைப் பழிவாங்கக் கூடாது. நிர்வாகம் மீறினால் ஆர்டரில் அடி விழும். இந்தக் கடைசி வரிதான் முதலாளியை உட்கார்ந்து பேச வைக்கும் என்பது நம் கருத்து.

ஆனால் ஒப்பந்தம் எல்லா ஆலைக்கும் இல்லை. சட்டம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். சென்ற ஆண்டு ஒரு பிள்ளைக்காக நாம் ஓர் ஆலைக்குப் போனோம். குழுவின் பெயர்ப்பலகை வாசலிலேயே பளபளத்தது. அதிலிருந்த ஒரு பெயரைக்கூட அந்தப் பிள்ளைக்குத் தெரியவில்லை.

மில்லுக்குப் போகும் தங்கைகள் முதல் வாரத்திலேயே அந்தப் பெயர்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தொல்லை நடந்தால் 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். தேதி போட்டு நகல் வைத்திருங்கள். முதலாளி மேலேயே புகார் என்றாலும், 10 பேருக்குக் குறைந்த பட்டறை என்றாலும், மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவிடம் போகலாம். எழுதத் தயக்கமென்றால் 181 என்ற எண்ணுக்குப் பேசலாம், காசில்லை.