'சூரரைப் போற்று' கதைக்குப் பின்: ஏர் டெக்கானின் கணக்கில் வணிக மாணவர்களுக்கான பாடம்

பெங்களூரு: குறைந்த கட்டண விமான சேவையை இந்தியாவுக்கு அறிமுகப்படுத்திய கேப்டன் ஜி.ஆர்.கோபிநாத்தின் வாழ்க்கை, 2020-இல் வெளியான 'சூரரைப் போற்று' திரைப்படத்தின் மூலம் தமிழ் ரசிகர்களுக்கு நெருக்கமானது. திரைக்கதை நாயகனை மதுரைப் பக்கம் கொண்டுவந்தாலும், உண்மைக் கதை நடந்தது கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில்தான். சாமானியர்கள் விமானம் ஏறும் காட்சியோடு படம் உச்சம் பெறுகிறது. வணிக மேலாண்மை பயிலும் மாணவர்கள் கவனிக்க வேண்டிய கேள்வி அதற்குப் பிறகுதான் எழுகிறது. மக்கள் திரண்டு வந்து ஆதரித்த ஒரு நிறுவனம், தொடங்கிய நான்கே ஆண்டுகளில் ஏன் கைமாறியது?

ராணுவத்திலிருந்து இளம் வயதிலேயே விலகிய கோபிநாத், அணைத் திட்டத்தில் மூழ்கிய குடும்ப நிலத்துக்கு ஈடாகக் கிடைத்த தரிசு நிலத்தில் கூடாரம் அடித்து விவசாயம் செய்தார். ரசாயனச் செலவைக் குறைத்து அவர் மேற்கொண்ட பட்டுப்புழு வளர்ப்புக்கு 1996-இல் ரோலக்ஸ் விருது கிடைத்தது. 1997-இல் வாடகை ஹெலிகாப்டர் சேவையைத் தொடங்கினார். விமான நிறுவனம் அதன் பிறகு வந்தது. விமானத் துறையின் உரிமங்கள், பராமரிப்பு, விமானிகள் எனப் பலவற்றையும் சிறிய அளவில் பழகிய பின்னரே அவர் பெரிய களத்தில் இறங்கினார் என்பதைத் தன்னம்பிக்கைக் கதைகள் பெரும்பாலும் சொல்வதில்லை.

2003 ஆகஸ்டில் 48 இருக்கைகள் கொண்ட ஏ.டி.ஆர். விமானம் பெங்களூருவிலிருந்து ஹூப்ளிக்குப் பறந்தது. இந்தத் தேர்வுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பெரிய நிறுவனங்கள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களில் போட்டி இல்லை. சிறிய விமானங்களுக்கு எரிபொருள் மீதான விற்பனை வரியிலும் தரையிறங்கும் கட்டணத்திலும் பின்னர் சலுகையும் கிடைத்தது. இலவச உணவு நிறுத்தப்பட்டது. முகவர்களை மட்டும் நம்பாமல் இணையம், தொலைபேசி, பெட்ரோல் நிலையங்கள், அஞ்சலகங்கள் வழியாகவும் பயணச்சீட்டு விற்கப்பட்டது. ஆர்.கே.லக்ஷ்மணின் 'சாமானியன்' நிறுவனத்தின் சின்னமானார். சில ஆண்டுகளிலேயே 60-க்கும் மேற்பட்ட நகரங்கள் இணைக்கப்பட்டன.

நிரம்பிய விமானமும் நட்டமும்

ஒரு மாதிரிக் கணக்கு சிக்கலை விளக்கும். 180 இருக்கைகள் கொண்ட விமானத்தை ஒருமுறை இயக்க 5 லட்சம் ரூபாய் செலவாகிறது என்று கொள்வோம். சராசரியாக 2,500 ரூபாய்க்கு அத்தனை இருக்கைகளும் விற்றுத் தீர்ந்தாலும் வருவாய் 4.5 லட்சம்தான். விமானம் நிரம்பி வழிகிறது. ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் 50 ஆயிரம் ரூபாய் கரைகிறது. ஒரு ரூபாய் பயணச்சீட்டு சிறந்த விளம்பரம்தான். மற்ற இருக்கைகள் எந்த விலைக்கு விற்கின்றன என்பதைப் பொறுத்தே அது லாபமா நட்டமா என்பது தீர்மானமாகும்.

செலவுகளில் பெரும்பகுதி நிறுவனத்தின் கட்டுப்பாட்டிலும் இல்லை. எரிபொருள் விலையைச் சந்தையும் வரியும் தீர்மானித்தன. விமானக் குத்தகையை டாலரில் செலுத்த வேண்டியிருந்தது. ஏ.டி.ஆர். விமானங்களுடன் ஏர்பஸ் ஏ320 விமானங்களும் சேர்ந்ததால் விமானிகள், பொறியாளர்கள், உதிரி பாகங்கள் என இரட்டை ஏற்பாடு தேவைப்பட்டது. இதற்கிடையே ஸ்பைஸ்ஜெட், கோ ஏர், இண்டிகோ என அடுத்தடுத்து போட்டியாளர்கள் வந்தனர். முதலில் வந்தவர் சந்தையை உருவாக்கும் செலவைச் சுமந்தார். பின்னால் வந்தவர்களுக்குப் பழகிய பயணிகள் ஆயத்தமாக இருந்தனர்.

2006 மே மாதம் நிறுவனம் பங்கு வெளியீட்டுக்குச் சென்றபோது பங்குச்சந்தை கடுமையாகச் சரிந்தது. 148 ரூபாய்க்கு வெளியிடப்பட்ட பங்கு அதைவிடக் குறைந்த விலையிலேயே பட்டியலானது. விரிவாக்கத்தின் நடுவில் மூலதனத்துக்காகச் சந்தையை எதிர்பார்த்து நிற்கும் நிறுவனத்துக்கு, எப்போது நிதி திரட்டுவது என்ற தேர்வு தன் கையில் இருப்பதில்லை. 2007-இல் விஜய் மல்லையாவின் குழுமம் 26 சதவீதப் பங்குகளை ஏறத்தாழ 550 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

வாங்கியவர் எதை மதிப்பிட்டார் என்பதும் கவனத்துக்குரியது. ஐந்து ஆண்டுகள் உள்நாட்டில் பறந்திருந்தால்தான் வெளிநாட்டு சேவைக்கு அனுமதி என்பது அன்றைய விதி. 2005-இல் தொடங்கிய கிங்ஃபிஷர் 2010 வரை காத்திருக்க வேண்டும். டெக்கானோ 2008 ஆகஸ்டில் அந்தத் தகுதியை எட்டியது. அடுத்த மாதமே கிங்ஃபிஷர் லண்டனுக்குப் பறந்தது. சாமானியனின் விமானம் 'கிங்ஃபிஷர் ரெட்' எனப் பெயர் மாறியது. மலிவுக் கட்டணப் பயணியும் சொகுசுப் பயணியும் ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்ததில் இரண்டு அடையாளங்களும் மங்கின. 2011-இல் மலிவுக் கட்டண சேவையைக் கைவிடுவதாக கிங்ஃபிஷர் அறிவித்தது. 2012 அக்டோபரில் அதன் விமானங்கள் அனைத்தும் தரையில் நின்றன.

கோபிநாத் 2009-இல் தொடங்கிய சரக்கு விமான நிறுவனமும் நெடுநாள் நிலைக்கவில்லை. 'உடான்' திட்டத்தின் கீழ் 2017 டிசம்பரில் ஏர் டெக்கான் என்ற பெயர் மீண்டும் வானேறியது. கொரோனா முடக்கத்தை அடுத்து 2020 ஏப்ரலில் அந்த சேவையும் நிறுத்தப்பட்டது.