ஒரே மேசை, இருவேறு உடல் தகுதி

கைப்பந்தில் பெண்களுக்கு வலை தாழ்வாகக் கட்டப்படுகிறது. கூடைப்பந்தில் அவர்கள் ஆடும் பந்தே சிறியது. டேபிள் டென்னிஸில் அப்படி எந்த மாற்றமும் இல்லை. 2.74 மீட்டர் நீள மேசை, 15.25 சென்டிமீட்டர் உயர வலை, 2.7 கிராம் எடையுள்ள பந்து, 11 புள்ளி கேம் எல்லாமே இருபாலருக்கும் பொது. அதனால் ஆண், பெண் உடல் தகுதியில் உள்ள வேறுபாடு, ஆடும் முறையில் அப்படியே வெளிப்படுகிறது.

பருவ வயதுக்கு முன் இந்த வேறுபாடு மிகக் குறைவு. அதன்பின் டெஸ்டோஸ்டிரான் ஹார்மோன் கூடுவதால் ஆண்களுக்கு உயரமும் தசையும் வேகமாக வளர்கின்றன. தோள், கை வலிமையில் இடைவெளி அதிகம்; கால் வலிமையில் அவ்வளவு இல்லை. பெண்களின் ரத்தத்தில் ஹீமோகுளோபின் சராசரியாகப் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு. இதயமும் சற்றுச் சிறியது. ஆகவே ஒரு நிமிடத்தில் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜன் அளவும் குறைகிறது.

டேபிள் டென்னிஸில் பெரும்பாலான ராலிகள் சில விநாடிகளில் முடிந்துவிடும். அந்த நேரத்துக்குத் தேவையான ஆற்றலைத் தசையில் ஏற்கெனவே இருக்கும் சேமிப்பே தந்துவிடுகிறது. ஆக்சிஜன் கைகொடுப்பது இடைவெளியில்தான்: பந்தைப் பொறுக்கி வந்து அடுத்த சர்வீஸ் போடுவதற்குள் அந்தச் சேமிப்பை மீண்டும் நிரப்ப வேண்டும். ஏழு கேம் வரை நீளும் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் கால் தளராமல் இருப்பது இதைப் பொறுத்தது.

இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும் இடம், மேசைக்கும் ஆட்டக்காரருக்கும் உள்ள தூரம். ஃபோர்ஹேண்ட் டாப்ஸ்பின் அடிக்கும் வலக்கை வீரர் வலக்காலை ஊன்றி உந்துகிறார்; அந்த விசை இடுப்புத் திருப்பத்தில் ஏறி, தோள் வழியாக முன்கைக்கு வந்து மட்டையில் முடிகிறது. தசைப் பலம் மிகுந்த ஆண்கள் மேசையை விட்டு இரண்டு, மூன்று மீட்டர் பின்வாங்கியும் இப்படிச் சுழற்றி அடிக்க முடியும். பெண்களில் பலர் மேசையை ஒட்டி நின்று, பந்து எழும்பும்போதே குறுகிய வீச்சில் அடிக்கிறார்கள். எதிராளியின் பந்து சற்று மெதுவாக வந்தாலும், அருகில் நிற்பதால் பதிலடிக்குக் கிடைக்கும் நேரம் குறைவு. கூர்மையான எதிர்வினையும் விரைவான சிறு காலடிகளும் இல்லாமல் இந்த ஆட்டம் நடக்காது. பெண்கள் ஆட்டத்தை வேகம் குறைந்த ஆண்கள் ஆட்டம் என்று எண்ணுவது பெரும் தவறு.

மட்டையில் ஒட்டும் ரப்பரின் தேர்விலும் இந்த வேறுபாடு தெரிகிறது. ஜப்பானின் மிமா இட்டோ பேக்ஹேண்ட் பக்கத்தில் குட்டையான முனைகள் நீட்டிய ரப்பரும், 2018 காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வென்ற மணிகா பத்ரா நீள முனை ரப்பரும் வைத்து எதிராளியின் தாளத்தைக் குலைத்தவர்கள். லக்ஸம்பர்க்கின் நி ஷியாலியன் 61 வயதில் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஒரு சுற்று வென்றதற்கும், மேசையருகே நின்று பந்தின் போக்கைத் தீர்மானிக்கும் இந்தத் திறமையே காரணம். ஆனால் சீனாவின் சுன் யிங்ஷாவின் ஃபோர்ஹேண்டைப் பார்த்தவர்கள், கால் வலிமையை வளர்த்தால் பெண்கள் ஆட்டம் எவ்வளவு ஆக்ரோஷமாக மாறும் என்பதை அறிவார்கள்.

கலப்பு இரட்டையரில் இரு உடல்களும் நேருக்கு நேர் சந்திக்கின்றன. இணையர் மாறி மாறி அடிக்க வேண்டும் என்பதால், ஒரு கேமில் ஓர் அணியின் பெண் எதிரணி ஆணின் பந்தையே தொடர்ந்து எதிர்கொள்வார். அடுத்த கேமில் வரிசை மாறி, அந்தச் சுமை மற்ற அணியின் பெண்ணுக்குப் போகும். 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜுன் மிசுதானியுடன் மிமா இட்டோ தங்கம் வென்றபோது, ஆண்களின் பந்துகளையே அவர் அஞ்சாமல் முன்கூட்டித் தாக்கினார்.

பயிற்சியிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பெண்களின் மூட்டுகள் பொதுவாக அதிகம் வளையும். திடீரென நின்று திரும்பும் விளையாட்டுகளில் முழங்கால் தசைநார் காயமும் அவர்களுக்கே அதிகம். தொடைப் பின்தசையையும் இடுப்பையும் வலுப்படுத்துவது இதற்குத் தடுப்பு. மாதவிடாயில் இரும்புச்சத்து இழப்பு ஏற்படுவதால், காரணமில்லாமல் சோர்வடையும் வீராங்கனைக்குப் பயிற்சியைக் கூட்டும் முன் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.